சின்னக் கண்மாய் வரத்துக்கால்: பிள்ளைகளை முடிவெடுக்க விட்டவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், கரிமூட்டத் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

சின்னக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மழைக்கு முன்பே சுத்தமாகிவிட்டது. மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் டீசல் செலவை ஏற்றவர்களுக்கும் முகாம் நிறைவு நாளிலேயே மேடையில் நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் அதற்கு முன்னால் நடந்த ஒரு வேலைக்காக. எதைச் செய்வது, யாரிடம் கேட்பது, எந்த வழியில் போவது என்று பிளஸ் ஒன் பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்தார்களே, அதற்கு இடம் கொடுத்தவர்களுக்காக.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் பெரும்பாலும் வேலை முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பிள்ளைகள் வந்து செய்துவிட்டுப் போவார்கள். இந்த முறை ஜூலையிலேயே அவர்களிடம் கேட்டோம். கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை, வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம் என்பதில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். வழியில்தான் பிரிந்தார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்றது ஒரு கூட்டம். ஊர்வலம் போகலாம் என்றது இன்னொன்று. அரிவாளை எடுத்துக்கொண்டு நாமே இறங்கிவிடலாம் என்றவர்கள் பின்வரிசைப் பையன்கள். கிராம சபையில் வைக்கலாம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

அப்போது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளைகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்த தலைமையாசிரியர் அம்மாவுக்கு முதல் நன்றி. அவசரமில்லாமல் பேச நேரம் இருந்ததால்தான் பிள்ளைகள் விசாரிக்கக் கிளம்பினார்கள்.

ஒன்றிய அலுவலகப் பொறியாளர் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைப் புரியவைத்தார். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறையாத கண்மாய் என்றால் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நம்முடையது யூனியன் கண்மாய். ஆகவே கலெக்டரிடம் கொடுக்கும் மனுவும் சுற்றிவந்து ஒன்றியத்துக்கேதான் வரும். இதைச் சொன்னவர், "ஆகவே இப்படிச் செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் நீர்பாய்ச்சியாக இருந்த ஐயாவும் அப்படித்தான். அரிவாளோடு கிளம்பத் தயாராக இருந்த பையன்களைத் திண்ணையில் உட்காரவைத்து, "வெட்டிப் போட்டா ஒண்ணுக்கு நாலாத் தழையும் தம்பி, தூரோட பறிக்கணும்" என்றார். பிறகு வரத்துக்கால் நெடுக அவர்களோடு நடந்து, கால் எங்கே மேடாகிக் கிடக்கிறது, வேலி எங்கே உள்ளே வந்திருக்கிறது என்று காட்டினார். அந்த வயதில், அந்த வெயிலில்.

முடிவெடுக்கும் நாளுக்கு முன்னால் பிள்ளைகள் தங்களுக்குள் மூன்று கேள்விகளை வகுத்துக்கொண்டார்கள். இந்த வழியில் அதிகாரம் யார் கையில்? மழைக்குள் முடியுமா? யாருக்காவது நட்டம் உண்டா? கையைத் தூக்கச் சொன்னால் சத்தமாகப் பேசுகிறவர் பக்கமே போய்விடும் என்று, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு கிண்ணம் வைக்கலாம் என்பதும் அவர்கள் யோசனைதான்.

மூன்றாவது கேள்வியில் ஒரு மாணவி எழுந்தாள். அதுவரை அதிகம் பேசாதவள். "கருவேலம் மொத்தத்தையும் அழிச்சிட்டா எங்க வீட்ல மூட்டம் போட முடியாது. அப்புறம் நாங்க என்ன செய்றது?" என்று கேட்டாள். நம் மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் எத்தனை குடும்பங்கள் கருவேல விறகை மூட்டம் போட்டு எடுக்கும் கரியை நம்பி அடுப்பு மூட்டுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று கொட்டை போடவில்லை. அடுத்த வாரம் திட்டமே மாறி வந்தது: வரத்துக்காலிலும் கரையிலும் மட்டும் தூரோடு பறிப்பது, பறித்த விறகைக் கரிமூட்டக் குடும்பங்களுக்கே கொடுப்பது. இந்தப் பெண்ணுக்கும், பொறுமையாகக் கேட்ட அவள் வகுப்புத் தோழர்களுக்கும் ஆசிரியையாக நான் தலைவணங்குகிறேன். அவள் பேச்சைக் கேட்டபின் தாங்களாகவே வேலைக்கு வந்து நின்ற மூட்டத் தொழிலாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

கிராம சபைக் கிண்ணம்தான் நிறைந்தது. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் பேசினார்கள். ஆகஸ்ட் 15 அன்று அம்மாக்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வயல் வேலையையும் அடுப்படியையும் விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். கூட்டப் பொருளில் சேர்க்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டிய ஊராட்சிச் செயலருக்கும், தீர்மானம் வாசித்தபோது எழுந்து பேசிய அந்த இரண்டு தாய்மாருக்கும் எங்கள் வணக்கம்.

ஊர்வலம் வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள் தோற்றவர்களாக ஒதுங்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கிராம சபைக்கு அழைத்தவர்கள் அவர்களே. வேலியைத் தானே பின்னுக்கு நகர்த்திக்கொண்ட தோட்டக்காரரிடம் பேசியதும் அவர்கள்தான். அந்தப் பெரிய மனதுக்கும் நன்றி, அண்ணே.

இனி ஒரு வேண்டுகோள். ஆடு மாடு கருவேல நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். மழை விட்டதும் கன்று முளைக்கும். முளையிலேயே பிடுங்குவதற்குப் பிள்ளைகள் முறை வைத்திருக்கிறார்கள், மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில். வீட்டில் சும்மா கிடக்கும் மண்வெட்டி, கடப்பாரை இருந்தால் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுதி வைத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
திட்ட அலுவலர், நாட்டு நலப்பணித் திட்டம்
அரசு மேல்நிலைப் பள்ளி, சிவகங்கை மாவட்டம்