ஓடையைச் சித்திரையில் தேடாதீர்கள்

தமிழ்நாடு எரிசக்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், சோலார் நிலங்களைப் பார்வையிட்டுச் சான்று தரும் வருவாய்த்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை வைத்திருப்பவன் எழுதுகிறேன். மழை பெய்தால் உளுந்து, பாசிப்பயறு, கொஞ்சம் கொத்தமல்லி. பொய்த்தால் வேலிக்கருவை.

சோலாருக்கு எதிராக எழுதும் மடல் இல்லை இது. எங்கள் மாவட்டத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றைச் சாம்பல் என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். 2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில், கதிர் வரும் நேரத்து நெல்வயலுக்குள் நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பொக்லைன் இறங்கியதையும் டிவியில் பார்த்தோம். ஆகவே எங்கள் குறையைக் காட்டி, ‘பார்த்தீர்களா, நிலக்கரிதான் நல்லது’ என்று யாராவது பேச வந்தால் அவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

என் குறை ஒரு ஓடையைப் பற்றியது.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் ஓடை, வரத்துக்கால் என்போம், வடமேற்கிலிருந்து வரும். பத்து மாதம் அதில் தண்ணீர் இருக்காது. ஆடு போன தடமும் வண்டித் தடமும்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நல்ல மழை விழுந்தால் இடுப்பளவு ஓடும். அந்த வழியை அடைத்து ஒரு நிறுவனம் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கம்பிவேலி போட்டு, பேனல் நட்டுவிட்டது. விற்றவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான், யாரும் கழுத்தைப் பிடித்து எழுதி வாங்கவில்லை. வெளியூரில் குடியேறிவிட்ட பிள்ளைகளுக்கு மானாவாரி நிலம் சும்மா கிடக்கும் நிலம். புரோக்கர் சொன்ன விலை பெரிதாகத் தெரிந்திருக்கும். ஆனால் பட்டா நிலத்துக்கு நடுவே ஓடும் ஓடைப் புறம்போக்கை விற்க அவர்களுக்கும் உரிமை இல்லை, வாங்க இவர்களுக்கும் உரிமை இல்லை.

அந்தக் கார்த்திகையில் மழை நன்றாகவே பெய்தது. வேலிக்கு மேற்கே முழங்கால் தண்ணீர் தேங்கி உளுந்து அழுகிப் போனது. வேலிக்குக் கிழக்கே கண்மாய் மடைக்கல் நனையவில்லை. ஒரே மழையில், இருநூறு அடி இடைவெளியில், வெள்ளமும் வறட்சியும். மனுக் கொடுக்கப் போனபோது ஓர் அலுவலர் கேட்டார்: “நான் நேரிலேயே போய்ப் பார்த்தேனே, அங்கே ஓடை எங்கே இருக்கு?”

அவர் பொய் சொல்லவில்லை. சித்திரையில் போயிருக்கிறார். சித்திரையில் கரிசல்காட்டு ஓடை யார் கண்ணுக்கும் தெரியாது. நில அளவைப் புலப்படத்தில் மட்டும்தான் இருக்கும்.

அனல்மின் நிலையம் கட்டுவதென்றால் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டும், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்தக் கூட்டங்கள் நடக்கிற லட்சணம் வேறு கதை. ஆனாலும் எழுந்து நின்று ‘எங்கள் ஓடை’ என்று சொல்ல ஒரு நாளாவது உண்டு. சோலாருக்கு அந்த ஒரு நாளும் இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி மின்திட்டங்களுக்கு முன்அனுமதி தேவையில்லை என்று மத்திய அமைச்சகம் விலக்குக் கொடுத்திருக்கிறது. புகை இல்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் நிலம்? பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் நிற்கிறது. மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நாலு ஏக்கர். அதாவது என் புஞ்சை முழுசும் ஒரே ஒரு மெகாவாட். கண்மாயும் ஊருணியும் வரத்துக்காலும் நரம்பு மாதிரி ஓடும் சீமையில் அத்தனை பரப்பை ஒரே வேலிக்குள் அடைத்தால் குறுக்கே ஏதாவது ஒரு நரம்பு வெட்டுப்படாமல் இருக்குமா?

காற்றாலைக் காத்தாடியோடு எங்களுக்குப் பழக்கம் அதிகம். 1986-இல் முள்ளக்காட்டில் நட்ட காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் குறை உண்டு. இரைச்சல் உண்டு, இறக்கை கொண்டுவரப் போட்ட ரோடு சில இடங்களில் ஓடையை மறித்ததும் உண்டு. ஆனால் அடியில் கம்பு விதைக்கலாம், ஆடு மேயும். பேனல் காட்டில் அந்தப் பேச்சே இல்லை. அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகள், அதாவது மந்தை மேய்ப்பவர்கள், இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஆட்டுப்புழுக்கை விழாத நிலத்துக்கு உர மூட்டை வாங்குகிறோம். களையெடுப்புக் கூலிக்குப் போன பெண்களில் சிலருக்குப் பேனல் கழுவும் வேலை கிடைத்தது, பலருக்கு இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு நஷ்டஈட்டுக் கணக்கிலும் இடம் கிடையாது.

எல்லாவற்றையும் கூரை மேல் வைத்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. 3 கிலோவாட் கூரை சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, நல்லது. ஆனால் ஆலைகளும் ஏ.சி.க்களும் இழுக்கிற மின்சாரம் முழுவதையும் வீட்டுக்கூரைகள் தந்துவிடாது. காட்டிலும் பேனல் வரத்தான் செய்யும். எந்தக் காட்டில், எந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு என்பதுதான் கேள்வி.

நான் கேட்பது பெரிய சட்டத்திருத்தம் இல்லை. ஒரு திட்டத்துக்கு மின்கட்டமைப்பு இணைப்புக் கொடுக்கும் முன், அந்த நிலத்தின் புலப்படத்தையும், எந்த நிலம் எந்த வகை என்று எழுதிய கிராம ‘அ’ பதிவேட்டையும் எடுத்து, உள்ளே வரும் ஒவ்வொரு ஓடையையும் வரத்துக்காலையும் குறித்து, கிராம சபையில் வாசியுங்கள். ஓடைக்கு இருபுறமும் இடம் விட்டுத்தான் வேலி என்று எழுதி வாங்குங்கள். மத்திய அரசு விலக்குக் கொடுத்திருந்தாலும், ஓடைப் புறம்போக்கைக் காக்கும் கடமை உங்களிடம்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழை எங்கள் பக்கம் திரும்பினால் அடைத்து வைத்த ஓடை சும்மா இருக்காது. பேனலையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் வரத்துக்காலை மறித்த மேட்டை மட்டுமாவது இந்தப் புரட்டாசிக்குள் வெட்டிவிட உத்தரவிடுங்கள். ஆய்வுக்கு வருவதானால் கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் காலையில் வாருங்கள். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட வேண்டியிருக்கும். செருப்பையும் அங்கேயே கழற்றிவிடுங்கள், ஈரக் கரிசலில் பத்தடி நடப்பதற்குள் ஆளுக்கு ஒரு படி மண் ஏறிவிடும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போகிறேன்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவன்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்