ஒரு புல்லை விட்டு இன்னொரு புல்லைக் கருக்கும் மருந்து

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் நலம். இங்கே அமெரிக்காவில், ஜார்ஜியாவில் வெயில் ஏறிவிட்டது. புல்தரை வேலைக்கு இதுதான் மும்முரமான காலம்.

நேரடி விதைப்பு வயலில் சைஹாலோஃபாப் என்ற களைக்கொல்லி அடித்தாய், குதிரைவாலிப் புல் கருகியது, நெல் அப்படியே நின்றது என்று எழுதியிருந்தாய். "இரண்டும் புல் சாதிதானே, மருந்துக்கு எப்படி ஆள் தெரிகிறது?" நல்ல கேள்வி. எனக்கு இங்கே தினமும் இதே பிழைப்புதான்.

மருந்துக்கு ஆள் தெரியாது. இரண்டுக்குள்ளும்தான் போகிறது. உள்ளே போன பிறகுதான் கதை மாறுகிறது. சைஹாலோஃபாப், புல்லுக்குள் கொழுப்பைத் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்கும். கொழுப்பு இல்லாமல் புது செல்லுக்குச் சவ்வு கிடையாது, வளர்ச்சி நின்றுவிடும். நெல்லிலும் அந்த நொதி இருக்கிறது. ஆனால் நெல் மருந்தை வேகமாக உடைத்து, தீங்கில்லாத பொருளாக்கிவிடுகிறது. குதிரைவாலிப் புல்லுக்குள் அதே மருந்து கொல்லும் அமிலமாக மாறுகிறது.

இங்கே நான் பார்க்கும் புல்தரைகளில் பாதி சென்டிபீட் புல். சீனாவிலிருந்து வந்தது. ஃபிராங்க் மேயர் என்ற தாவர சேகரிப்பாளர் திரட்டிய விதையால் அமெரிக்காவுக்குக் கிடைத்த புல் இது. அவர் 1918-இல் யாங்சி ஆற்றில் இறந்துபோனார். இந்தத் தரைக்குள் அருகு புகுந்துவிடும். ஆமாம், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகுதான். அதற்கு செத்தாக்ஸிடிம் அடிக்கிறோம். அதுவும் அதே நொதியைத்தான் தாக்கும். ஆனால் சென்டிபீட் புல் மருந்தை உடைத்துத் தப்பிப்பதில்லை. அதன் நொதியின் அமைப்பே வேறு, மருந்து அதைப் பிடிக்க முடிவதில்லை.

அடித்து ஒரு வாரம் போனதும் அருகங்கொடியின் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். அடிப்பக்கம் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். உன் வயலில் தண்டுத் துளைப்பான் விழுந்த நெற்குருத்து மாதிரியே. மேல் இலை அப்போதும் பச்சையாகத்தான் தெரியும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி அடிக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் அருகு இதோடு செத்துவிடாது. மண்ணுக்கடியில் இருக்கும் தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது தலைகீழாகப் பார். கிராப்கிராஸ் என்ற களைக்குக் குயின்குளோராக் அடிப்பார்கள். நெல்லிலும் குதிரைவாலிப் புல்லுக்கு அடிக்கிற மருந்துதான். களைப்புல்லுக்குள் அது எத்திலீன் என்ற செடி ஹார்மோனின் உற்பத்தியைத் தாறுமாறாகக் கிளப்பிவிடும். எத்திலீன் உண்டாகும்போது கூடவே சயனைடும் உண்டாகும், அது சேர்ந்து புல்லைக் கொல்லும். அருகு இதைத் தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் மஞ்சளாகித் தேறிவிடும். சென்டிபீட் தாங்காது. செத்தாக்ஸிடிமுக்கு அசையாத புல் இதற்கு விழுந்துவிடுகிறது! அதனால்தான் "இது புல்தரைக்குப் பாதுகாப்பான மருந்து" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எந்தப் புல்தரைக்கு?

முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் வேறு ரகம். மண்ணின் மேல்பரப்பில் தங்கி, முளைக்கிற வேரில் செல் பிரிவதைத் தடுக்கும். ஊன்றிய புல்லின் வேர் அதற்குக் கீழே இருப்பதால் தப்பிக்கிறது. புதிதாகப் புல் பதித்த இடத்தில் மட்டும் அடிக்கவே கூடாது, கணுவில் விடுகிற புது வேர் மண்ணில் இறங்காது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நெல் தப்பிப்பது உடைக்கும் வேகத்தால். அளவைக் கூட்டினாலோ, பயிர் ஏற்கெனவே வாடியிருந்தாலோ அந்த வேகம் போதாமல் போகலாம். "ஒரு மூடி சேர்த்து ஊற்று" என்று யார் சொன்னாலும் கேட்காதே. அப்புறம், வருஷா வருஷம் இதே மருந்தை அடிக்காதே. களைப்புல்லிலும் நொதி மாறிப்போன செடி ஒன்றிரண்டு இருக்கும். மற்றதெல்லாம் செத்தபின் வயல் அவற்றுக்குத்தான். தப்பி நிற்கும் குதிரைவாலியைக் கதிர் முற்றுமுன் ஆள் விட்டுப் பிடுங்கிவிடு.

அறுவடை ஆனதும் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்