ஸ்கேன் சீட்டில் நோயாளியின் விவரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

78 வயதான என் தாயாருக்குச் சென்ற ஆண்டு திடீரென வயிற்று வலி வந்தபோது, வாயுக்கோளாறு என்று சொல்லி மூன்று நாள் மருந்து கொடுத்தார்கள். எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் சி.டி. ஸ்கேன் எடுத்தும், குடலைச் சுற்றி அழற்சி என்று மட்டுமே அறிக்கை வந்தது. ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்த சீட்டில் 'வயிற்று வலி' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பிறகு பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர், வலிக்கு முன் அம்மா என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மீன் குழம்பு என்றதும் படங்களை மறுபடி பார்க்கச் சொன்னார். சிறுகுடல் சுவரைக் குத்தி நின்ற மெல்லிய வெண்கோடு மீன் முள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

முள்ளை விழுங்கியவருக்குப் பெரும்பாலும் அது நினைவிருப்பதில்லை. அண்ணத்தை மூடும் பல்செட் அணிந்தவர்களுக்கு முள் இருப்பதே வாயில் உறைக்காது. நாள்தோறும் மீன் சமைக்கும் கடலூர், புதுச்சேரி வீடுகளில் இதை அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியுமா?

குடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு ஏற்படுவது இதைவிட ஆபத்தானது. வலி உயிர் போகும். அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருக்கும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடக்கூடிய இந்நிலையை, ஊசி வழியாகச் சிரையில் படத்தைத் தெளிவாக்கும் மருந்து செலுத்தி, அது குடலின் ரத்தக்குழாயில் பாயும் நேரம் பார்த்து எடுக்கும் சி.டி. ஸ்கேனே தெளிவாகக் காட்டும். சாதாரண ஸ்கேனில் தவறிப்போகலாம். இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்கு இந்த அடைப்பு வர வாய்ப்பு அதிகம். நோயாளிக்கு அந்தக் கோளாறு உண்டு என்று சீட்டில் எழுதாவிட்டால், அப்படி எடுக்க வேண்டும் என்று ஸ்கேன் மையத்தாருக்கு எப்படித் தெரியும்?

மாறாக, பெருங்குடலில் தொங்கும் சிறு கொழுப்புத் துணுக்கு முறுக்கிக்கொண்டு, குடல்வால் அழற்சியைப் போலவே வலிப்பதும் உண்டு. அதை ஸ்கேனில் உறுதிசெய்துவிட்டால் கத்தி வைக்கத் தேவையில்லை. வலி மாத்திரையோடு ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும்.

எல்லா வயிற்று வலிக்கும் சி.டி. எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கதிர்வீச்சு உண்டு என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அல்ட்ராசவுண்டே முதலில் பொருந்தும். ஆனால் முதியவர்களின் வலிக்குக் காரணம் பிடிபடாதபோது நாள்கணக்கில் காத்திருக்கக் கூடாது. வலி தொடங்கிய நேரம், கடைசியாக உண்டது, இதய நோய், முந்தைய அறுவை சிகிச்சை, பல்செட் ஆகியவற்றைக் குறிக்கும் கட்டங்களை அரசு மருத்துவமனைகளின் ஸ்கேன் சீட்டிலேயே அச்சிட, கடலூர், புதுச்சேரி ஆகிய இரு பகுதிகளின் சுகாதாரத் துறையினரும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.