ஸ்பீக்கர் வாங்கப்போகும் நண்பனுக்கு

கோயம்புத்தூர்

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுங்கள், அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் விடாதீர்கள். இங்கே எல்லோரும் சுகம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கார்த்திகையில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீடு மறுபடி கலகலவென்று இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கையால் செய்கிற, தரையில் நிற்கிற உயரமான டவர் ஸ்பீக்கர் உண்மையிலேயே நன்றாக இருக்குமா, இல்லை மரத்தின் அழகுக்குத்தான் காசு கொடுக்கிறார்களா என்று எழுதியிருந்தாய். நான் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். ஆனால் நீயும் வாங்கு என்று உடனே சொல்லிவிட முடியவில்லை. ஏன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

இங்கே கணபதி என்கிற பகுதியில் ஒருவர் செய்கிறார். பம்பு மோட்டார் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட ஒரு ஆசாரி, ஆசாரியின் மகன், அவ்வளவுதான் பட்டறை. பெட்டியும், ஒலியைக் கீழ்ஸ்வரம் மேல்ஸ்வரம் என்று பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரும் இங்கே செய்வது. கீழ்ஸ்வரங்களுக்கான வூஃபரும் மேல்ஸ்வரங்களுக்கான ட்வீட்டரும் நார்வேயில் சியாஸ் கம்பெனியிடமிருந்து வருகின்றன. மோஸ் என்ற ஊரில் 1950-இலிருந்து அவர்களுக்கு இதே தொழில். பேர் பெற்ற பல கம்பெனிகளும் டிரைவர்களை, அதாவது இந்த வூஃபர் ட்வீட்டர்களை, இப்படி வெளியே வாங்கித்தான் பொருத்துகின்றன, அதனால் அதை ஒரு குறையாக நினைக்காதே. காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு என்று 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் காட்டிய அமைப்புதான் இன்றைக்கும். ஒரே டிரைவரை இரண்டு பேர் வாங்கினாலும், பெட்டியும் கிராஸ்ஓவரும் வேறானால் ஒலி வேறாகிவிடும்.

மூடாத பெட்டி ஒன்றை ஆசாரி காட்டினார். முக்கால் அங்குல பர்ச் பிளைவுட். உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்திருந்தார், ஆனால் இடைவெளி ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், சட்டம் இல்லாத ஒரு பழைய பெட்டியின் பக்கவாட்டுப் பலகையை விரல் மூட்டால் தட்டினார். 'டொம்ம்' என்று ஒரே ஸ்வரம் நீண்டது. அப்புறம் புதியதை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். இடத்துக்கு இடம் ஒலி மாறியது, எங்கேயும் நீளவில்லை, 'டக்' என்று நின்றது. சமமாகப் பிரித்தால் எல்லாத் துண்டும் ஒரே ஸ்ருதியில் அதிரும், மாற்றி வைத்தால் எதுவும் எதோடும் கூட்டுச் சேராது என்றார். வீணைக்குக் குடம் பாட வேண்டும், இதற்குப் பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. வெனீர், பாலிஷ் எல்லாம் இதற்கு அப்புறம்தான். இதே காரியத்தை வேறு வழியிலும் செய்யலாம். பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியில் பலகை மெல்லியது, உள்ளே அதிர்வை விழுங்கும் பட்டைகளை ஒட்டியிருப்பார்கள். இரண்டு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். டவர் அளவுக்குப் பெரிய பெட்டியில் குறுக்குச் சட்டம் இல்லாமல் நான் வாங்கமாட்டேன்.

கேட்கப் போனபோது என் இசைத்தட்டுகளைத்தான் எடுத்துப் போனேன். ஷோரூம்களில் போடுகிற பாட்டைக் கேட்டு ஸ்பீக்கரை எடைபோட முடியாது. ஊரில் பெரிய ஷோரூம் ஒன்றில், நான் கேட்டதைப் போடாமல் பளபளவென்று மணி ஒலிக்கிற ஏதோ ஒரு டெமோவையே திரும்பத் திரும்பப் போட்டார்கள், அதுவும் கல்யாண மண்டபத்துச் சத்தத்தில். அந்த மணி நிஜத்தில் எப்படி ஒலிக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? நாம் கிட்டே உட்கார்ந்து கேட்ட ஒலி எதுவோ அதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் மதுரை மணி ஐயர் போடச் சொன்னேன். அவர் 1968-இல் காலமானவர். அவருடைய கச்சேரிப் பதிவுகளில் என்னிடம் இருப்பதெல்லாம் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி போகிறபோது பாட்டு நட்ட நடுவில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வலது பெட்டியும் இடது பெட்டியும் கொஞ்சம் வேறுபட்டாலும் குரல் அகலமாகப் பரவும், சில ஸ்வரங்களுக்கு ஒரு பக்கம் சாயும். கையால் செய்கிற ஜோடியில் நான் பயந்ததே இதற்குத்தான். மணி ஐயர் நகரவே இல்லை. மேல் ஷட்ஜத்தைத் தொட்டு ஸ்வரமாகக் கொட்டும்போதும் அதே இடத்தில் இருந்தார். ஒவ்வொரு டிரைவரையும் தனித்தனியாக அளந்து ஜோடி சேர்த்த வரைபடங்களைக் கணபதிக்காரர் அப்புறம் எடுத்துக் காட்டினார். காது சொன்னதையேதான் தாளும் சொன்னது.

தேக்கு வெனீரில் கைப்பாலிஷ் போட்டு, மார்பு உயரத்துக்கு நிற்கிற பொருளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது நடுநிலையாக இருக்காது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1994-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்முன்னே வைத்தும் கேட்கச் சொன்னபோது ஜனங்கள் போட்ட மதிப்பெண் மாறியது. அதனால் குறுக்கே மெல்லிய மல் துணி கட்டச் சொன்னேன். பின்னால் இவருடைய ஜோடியும், பிரபலமான ஒரு கம்பெனி ஜோடியும். இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினார். இது ரொம்ப முக்கியம் மாப்பிள்ளை. துளி சத்தம் கூடினாலும் கூடின பக்கம்தான் நன்றாக இருப்பதாகக் காதுக்குப் படும்.

துணிக்கு முன்னால் உட்கார்ந்து எம்.டி. ராமநாதன் கேட்டேன். அந்தக் கனத்த குரல் மந்தர ஸ்தாயியில் இறங்கும்போது பெட்டியின் குணம் தப்பாமல் வெளியே வந்துவிடும். ஒன்றில் குரல் கீழே போகப் போக ஊதிப் பெருத்தது, கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் எழுத்து மங்கியது. மற்றதில் குரல் மெலிந்தாற்போலத் தோன்றியது, ஆனால் அவர் மூச்சு எங்கே முடிகிறது, எந்த எழுத்தை எங்கே அழுத்துகிறார் என்பது தெரிந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். துணியை விலக்கினால் அது கணபதிக்காரருடையது.

அப்புறம் மிருதங்கம். உன் மாமா வாசிக்கும்போது நாம் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் இதில் நம் காதை நம்பலாம். வெறும் தோலைத் தட்டினால் மேலொலிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் எழும். வலந்தலையில், அதாவது வலது பக்கத்துத் தோலில், நடுவே பூசுகிற கரணை என்ற கறுப்புப் பூச்சின் கனம் அவற்றை ஸ்வர வரிசைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். அந்த மேலொலிகளில் எதையாவது ஸ்பீக்கர் தூக்கியோ அமுக்கியோ விட்டால் 'தீம்' என்பது வெறும் தட்டாகிவிடும். பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் எதைக் காப்பாற்றப் பார்த்தார் என்பது நல்ல ஸ்பீக்கரில் கேட்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தொப்பியில், அதாவது இடது பக்கத்துத் தோலில், கையை அழுத்தி நகர்த்துகிற கும்கி வரும்போது ஒலி வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். மட்டமான பெட்டியில் கும்கி ஏறாது. பெட்டி தன் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு 'கும்' என்று நிற்கும். இதில் வழுக்கல் முழுசாக வந்தது. ரவை பூசிய தோலில் உள்ளங்கை அழுந்தி நகர்வது தெரிந்தது.

தம்புரா மட்டும் தனியாக ஓடுகிற ஒரு பதிவையும் போட்டேன். 1 கட்டைக்குச் சேர்த்த தம்புராவில் மந்தரத் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 65 அதிர்வு. தந்திக்கு அடியில் வைக்கிற ஜீவா என்ற நூலைச் சரியாக வைத்திருந்தால் அந்தத் தந்தியிலிருந்து, யாருமே மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன். காந்தாரம் கேட்டது. இராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு நாம் கேட்கிற சத்தம் அதுதான் இல்லையா? சத்தம் குறையக் குறையக் காதுக்குக் கீழ்ஸ்வரங்கள்தான் முதலில் காணாமல் போகும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் அது. சத்தமாக வைத்தால் எந்த ஸ்பீக்கரும் ஓரளவுக்கு நிறைவாகத்தான் இருக்கும். குறைத்து வைத்துக் கேட்டுப் பார்.

குறையும் சொல்ல வேண்டும். நாகஸ்வரத்தைக் கோயில் பிராகாரத்துச் சத்தத்தில் வைத்தால் இது திணறுகிறது. ஆறரை அங்குல வூஃபர் இரண்டிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. அப்புறம், பாயில் உட்கார்ந்து கேட்டால் காது ட்வீட்டருக்கு ஒரு சாண் கீழே போய்விடுகிறது, வயலினின் மினுக்கம் குறைகிறது. இந்தப் பெட்டிகளெல்லாம் நாற்காலியில் உட்காருகிறவர்களை நினைத்துப் போட்ட அளவு. அவரிடம் சொன்னதும், முன்பக்கத்துக் கூர்முனைத் திருகுகளை இறக்கிப் பெட்டியை லேசாக முன்னால் குனிய வைத்தார், சரியாகிவிட்டது.

இனிமேல் எழுதுவதுதான் உனக்கு வேண்டியது. பட்டறையில் பிடித்துப்போனாலும் வீட்டில் வைத்துக் கேட்காமல் பணம் தரமாட்டேன் என்றேன். அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு குட்டி யானையில் ஏற்றி அனுப்பினார். இங்கே வைத்துப் போட்டால் வேறு ஸ்பீக்கர் மாதிரி இருந்தது. ராமநாதனே ஊதிப் பெருத்தார். இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் ஒரு ஸ்வரத்துக்கு வரும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். என் ஹால் 14 அடி நீளம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை கட்டுண்டு நிற்கிற இடம் 40 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் சரியாகத்தான் வாசித்தது, ஹால் கூடவே பாடியது. சோஃபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது, அந்த அதிர்வு உச்சத்தில் இருக்கிற இடமே சுவரோரம்தான். சோஃபாவை மூன்றடி முன்னால் இழுத்தேன், ஸ்பீக்கரை மூலையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கினேன், கனத்த திரை போட்டேன், வெறும் டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்தேன். இவ்வளவும் செய்த பிறகு பட்டறையில் கேட்டது வீட்டுக்கு வந்தது. இதற்கு ஆன செலவு, கடைக்காரர்கள் தலையில் கட்டப் பார்க்கிற வயரின் விலையில் கால்வாசி கூட இல்லை. வயருக்குக் காசைக் கொட்டாதே, தடித்த செம்புக் கம்பி போதும்.

உன் மாடி அறை 12-க்கு 12 என்று எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குக் கவலை. நீளமும் அகலமும் சமமாக இருந்தால் இரண்டு பக்கத்து அதிர்வும் 47 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அந்த அறையில் டவர் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி உன்னைத் துரத்தும். என் யோசனை, அதே மனிதர் செய்கிற ஸ்டாண்ட் மேல் வைக்கிற சின்ன ஜோடியை எடுத்துக்கொள். அதே ட்வீட்டர், ஒரே வூஃபர், விலையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கீழே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஆனால் உன் சதுர அறைக்கு அது நல்லதுதான். ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரியை அடித்துவிடு. டவர்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் கீழே கூடத்தில் வை, நீளமான கூடம், தாராளமாக மூச்சுவிடும். எதுவானாலும் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய். கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக்கலைஞர் ரெதம் என்ற பெயரில் செய்கிற ஸ்பீக்கர்களையும் முடிந்தால் கேட்டுப் பார், அவருடைய வழி முற்றிலும் வேறு.

இன்னொன்று. உன் பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது, பார்த்து எழுது. இவருடைய டவர் 4 ஓம். 8 ஓமுக்கு என்று மட்டும் எழுதியிருந்தால் அது சூடேறித் தவிக்கும். சின்ன ஜோடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு கட்டாயம் வா. அதற்குள் பேரனோ பேத்தியோ வந்திருக்கும். வரும்போது உன் மாமா வாசித்ததை அப்பா பதிவு செய்து வைத்த ஸ்பூல் டேப்புகளை மறக்காமல் எடுத்து வா. ஓட்டிக் கேட்க இங்கே ஒருவரிடம் மெஷின் இருக்கிறது, அவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். கணபதிக்கும் ஒரு நடை போய் வருவோம்.

அம்மாவுக்கு என் வணக்கம், தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்
மச்சான்