பாகங்களை வரையும் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் அனுப்பும் டிராயிங்கை வாங்கி உலோகத்தில் வெட்டி எடுப்பவர்களில் ஒருவன் நான். டிராயிங்கை வெளியிடும் முன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்தை எந்த டூல் வெட்டும், அது உள்ளே எப்படிப் போகும்?

ஒரு பாக்கெட்டை, அதாவது உலோகத்தில் குடையும் பள்ளத்தை, எடுத்துக்கொள்வோம். ஆழம் 40 மி.மீ., உள்மூலை ரேடியஸ் 2 மி.மீ. அதை வெட்டும் எண்ட்மில் சுழலும் உருளை வடிவ டூல், 4 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள டூல் அந்த மூலைக்குள் நுழையாது. அந்த ஒல்லி டூலை விட்டத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் நீட்டிப் பிடிக்க வேண்டும். நீட்டம் இரு மடங்கானால் டூல் வளைவது எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. டூல் அதிரும், சுவரில் வரி விழும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் இறங்க முடியும். அதே மூலைக்கு 6 மி.மீ. ரேடியஸ் கொடுத்தால் 10 மி.மீ. டூல் நிற்காமல் வளைந்து திரும்பிவிடும். சரியாக 5 கொடுத்தால்கூட மூலையில் டூல் ஒரு கணம் நிற்கும், சுமை ஏறும், தழும்பு விழும். அந்த ஒரு மில்லிமீட்டர் அவ்வளவு முக்கியம். கூர்மூலை உள்ள பாகம் உள்ளே உட்கார வேண்டுமா? மூலையில் மட்டும் சுவரைத் தாண்டி ஒரு வட்டக் குடைவு கொடுங்கள், போதும்.

அப்புறம் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் விலகல். பேரிங் உட்காரும் துளைக்கு எச்7 என்ற இறுக்கமான டாலரன்ஸ் கேட்பது நியாயம். ஆனால் எதனோடும் பொருந்தாத வெளிப்பக்கத்துக்கும் ±0.01 மி.மீ. எதற்கு? பொது டாலரன்ஸுக்கான ஐ.எஸ்.ஓ. 2768 தரநிலையின் மீடியம் வகுப்பில் 30க்கு மேல் 120 மி.மீ. வரையிலான அளவுக்கு ±0.3 வரை இடம் உண்டு. பெரும்பாலான வெளிப்பக்கங்களுக்கு அதுவே தாராளம். எல்லா அளவும் இறுக்கமாக இருந்தால், உண்மையிலேயே முக்கியமான அளவு எது என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடி மூடிய துளையில் கடைசிவரை மரை கேட்காதீர்கள். மரை வெட்டும் டூலான டேப்பின் முனைக்கும், வெட்டி விழும் சில்லுக்கும் கீழே இடம் வேண்டும். முடிந்தவரை ஒரே பக்கத்திலிருந்து வெட்டும்படி வரையுங்கள். ஜாபை, அதாவது வெட்டப்படும் பாகத்தை, திருப்பிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துல்லியம் போகிறது.

எடை, சீல், பக்கத்துப் பாகம் என்று உங்களுக்கும் கட்டாயங்கள் இருக்கும். ஆகவே மாடலாக இருக்கும்போதே எங்களுக்குக் காட்டுங்கள். மாற்றவே முடியாத இடங்களைக் குறித்து, காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த இடங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுமையாக வெட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
எந்திரப் பக்கத்திலிருந்து ஒருவன்