ஆசாரி அண்ணாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் கிருஷ்ணகிரி பழையபேட்டை அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

வகுப்புக்குச் சரியான இடமும் தரையும் இல்லாமல் கடந்த ஆறு வாரம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. வரும் திங்கட்கிழமை முதல் யோகாவும் பரதமும் பழையபடி மாலை ஐந்து மணிக்கு. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் கண் கலங்கிவிட்டது.

இடம் கிடைத்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக் கவலை தரை. நம் ஊர் கல்லுக்குப் பேர்போனது. மண்டபமோ வீடோ, காலடியில் கிரானைட் அல்லது சிமெண்ட்தான். பார்க்க அழகு, கூட்டித் துடைக்கச் சுலபம். ஆனால் பரதத்தின் முதல் பாடமான தட்டடவில், அதாவது தரையைத் தட்டும் அடியில், பாதம் முழுக்க ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். கல் அந்த அடியை வாங்கிக்கொள்ளாது, அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பும். முதலில் குதிகால் வலிக்கும், பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம். வலிக்கிற பிள்ளை பெரும்பாலும் வாய் திறந்து சொல்லாது. முட்டியை உள்ளே சாய்க்கும், முதுகை வளைக்கும், தட்டைக் குறைக்கும். அரைமண்டி (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) சரியில்லை என்று அதற்குத் திட்டு விழும். உண்மையில் தவறு தரையில் இருக்கும்.

கதவுத் தாழ்ப்பாள் மாற்ற வந்த ஆசாரி அண்ணா இதைக் காதாலேயே கண்டுபிடித்தார். பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. நாலு பிள்ளைகள் தட்டுவதைக் கேட்டுவிட்டு, "சத்தம் செத்துக் கிடக்குதுங்க. அடியில காத்து இருக்கணும்" என்றார். யாரும் கேட்காமலே மறுநாள் அளவு டேப்போடு வந்து நின்றார்.

அவர் போட்டுத் தந்த பலகைத் தரை 16 அடிக்கு 12 அடி. ஈரம் ஏறாமலிருக்க முதலில் தரையில் பாலிதீன் விரிப்பு. அதன்மேல் ஓர் அடிக்கு ஒன்றாக மர ரீப்பர் (மெல்லிய கட்டை), ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் துண்டுகள். மேலே 12 எம்எம் ப்ளைவுட் இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஆறு பலகை வீதம் பன்னிரண்டு. கீழடுக்கு நீளவாக்கில், மேலடுக்கு குறுக்குவாக்கில். மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வரக் கூடாது. ஒற்றை அடுக்காகப் போட்டால் ரீப்பருக்கு நடுவே பலகை தொய்யும், மூட்டு விளிம்பு எழும்பும், கட்டைவிரல் அதில் மாட்டும். நாலு பக்கமும் சுவரிலிருந்து அரை அங்குலம் விட்டார். மழைக்காலத்தில் பலகை ஊதும், சுவர் தடுத்தால் நடுவில் மேடு கட்டும். வார்னிஷ் வேண்டாம் என்றும் அவரே சொன்னார், வேர்த்த கால் வழுக்குமாம். மரச்செலவு பெற்றோர் தந்தது. கூலி ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

ஆனால் எங்களை உலுக்கியது கடைசி நாள் அவர் செய்த சின்ன வேலை. ஸ்க்ரூத் தலைகளை உள்ளே இறக்கி, குழிக்கு மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அவர் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து, மண்டியிட்டு, பலகையின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே கைக்குத் தெரியாத சிலாம்பு (மரச் செதிள்) இருக்கும். அந்த இடத்தில் மறுபடி உப்புத்தாள், மறுபடி துணி. 192 சதுர அடியும் இப்படி. அதற்குப் பிறகு வெறுங்காலோடு ஒருமுறை முழுக்க நடந்து பார்த்தார். பிள்ளைகளின் பாதத்தை இவ்வளவு யோசித்த மனிதரை நாங்கள் பார்த்ததில்லை, அண்ணா.

யோகாவுக்கும் இந்தப் பலகை நல்லது. விருட்சாசனத்தில் மெத்தென்ற விரிப்பின்மேல் கணுக்கால் ஆடும், பலகையில் வெறும் பாதம் நன்றாகப் பிடிக்கும். புஜங்காசனத்துக்கும் சவாசனத்துக்கும் மட்டும் ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் போதும்.

மாலை நேரம் பக்கவாட்டு அறையைத் திறந்துவிட்ட மண்டபத்துக்காரர், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நேரத்தை மாற்றிக்கொண்ட ஆட்டோ அண்ணன்கள், பயிற்சிப் புடவைக்கு ஓரம் தைத்துத் தந்த தையல்கார அக்கா, பாய்களைத் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துக் காத்த பாட்டி, எல்லோருக்கும் நன்றி. தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று: நாலேகாலுக்குள் ஒரு வாழைப்பழமோ கைப்பிடிச் சுண்டலோ மட்டும் கொடுத்து அனுப்பினீர்கள். வயிறு நிறைய பஜ்ஜியோடு வந்த பிள்ளை முன்னால் குனிந்தாலே குமட்டும். அதைச் சொன்னவுடன் புரிந்துகொண்டீர்கள்.

இனி ஓர் உறுதி. வெறும் சிமெண்டிலோ கல்லிலோ எந்தப் பிள்ளையையும் குதித்து மெட்டடவு (முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டும் அடவு) ஆடவைக்க மாட்டோம், விழா மேடையாக இருந்தாலும் சரி. பலகை நனைந்த நாளில் உட்கார்ந்தே வகுப்பு: கையால் தாளம் போட்டு மூன்று காலத்திலும் (வேகத்திலும்) சொல்கட்டு, அதாவது 'தையா தை' போன்ற அடவுச் சொற்கள், பிறகு ஒற்றைக்கை முத்திரைகள். இந்த ஆறு வாரமும் அப்படித்தான் ஓட்டினோம். பிள்ளைகளின் தாளம் முன்னைவிட உறுதியாகியிருக்கிறது. ஒரு நேரத்தில் பலகையில் ஒன்பது பேர் மட்டுமே, கை நீட்டினால் இடிக்காத அளவுக்கு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் நாட்டடவு நன்றாக வரும்வரை சலங்கை கேட்காதீர்கள். நகம் வெட்டி, கொலுசு கழற்றி அனுப்புங்கள்.

அந்த வேட்டித் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறோம். திங்கள்தோறும் இரண்டு பிள்ளைகள் அதைப் பலகை முழுக்க இழுப்பார்கள். நூல் மாட்டிய இடத்தில் உப்புத்தாள் போட்ட பிறகுதான் தையா தை.