சரவணன் விஷயம்

அன்புள்ள முருகேசா,

தீபாவளிக்குப் போன் பண்ணுகிறேன் என்றவன் நீ. அதனால் திட்டும் உரிமை என்னுடையது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ப்ளஸ் டூ, வீட்டில் டிவிக்கு விடுமுறை.

எழுத உட்கார்ந்தது சரவணனுக்காக. கொரோனா வந்து போனதே, வெறும் காய்ச்சலும் இருமலும்தான், ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஆனால் சீட்டுக் கணக்கை மனதிலேயே போட்டு நம்மை அழவைத்தவன், போன வாரம் நாலு டீக்கும் இரண்டு வடைக்கும் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு திணறினான். “ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு தெரியுதுடா, கூட்டும்போது நழுவிடுது” என்றான். டாக்டரோ, டெஸ்ட் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் சோம்பேறிப் பட்டம் வேறு.

எனக்கு வந்த கோபத்தில் தேடித்தேடிப் படித்தேன். மூளை இப்படித் திணற, வைரஸ் அதற்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லையாம்! 2022இல் அமெரிக்காவில் எலிகளுக்கு மூச்சுப்பாதையில் மட்டும் லேசான கொரோனா வரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூளையில் வைரஸ் இல்லை. ஆனால் நுரையீரல் சண்டையில் கிளம்பிய அழற்சி ரசாயனங்கள் ரத்தம் வழியே மேலே போய், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவை உசுப்பிவிட்டிருக்கின்றன. ஏழு வாரம் கழித்தும் அவை அடங்கவில்லை. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறை குறைந்திருக்கிறது. செய்தி மெதுவாகப் போகாமல் என்ன செய்யும்? ஹிப்போகாம்பஸில், அதாவது ஞாபகம் பதிகிற இடத்தில், புது நரம்பு செல்கள் பிறப்பதும் குறைந்திருக்கிறது. சாதாரண ஃப்ளூ வைரஸும் இதில் கொஞ்சம் செய்கிறதாம். எலிதானே என்று நீ இழுப்பாய், தெரியும். அது நியாயம்தான்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆன்லைனில் ஞாபகம், யோசனைத் திறன் சோதனை வைத்து, 2024இல் முடிவு வந்தது. கொரோனா வந்து தொல்லை தீராதவர்கள், தொற்றே வராதவர்களைவிட ஏறக்குறைய 6 ஐக்யூ புள்ளி பின்தங்கியிருந்தார்கள். குணமானவர்களுக்கு அது 3தான். நீண்ட நாள் அவதிப்பட்டுத் தேறியவர்களும், சீக்கிரம் தேறியவர்களின் அளவுக்கே செய்திருக்கிறார்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிடு. காலையிலேயே கூப்பிடு, சாயங்காலம் ஆனால் சோர்ந்துவிடுகிறான். ‘ஞாபகம் இருக்கா’ என்று மட்டும் ஆரம்பிக்காதே. மதுரை லாட்ஜ் கதையை எடு, ஆனால் பில் தொகையை நீயே சொல்லிவிடு.

உன்,
பாலு